எண்ணெய் ஊறிய மண்ணுக்கு பாக்டீரியா போதுமா?

நுண்ணோக்கி:
கச்சா எண்ணெய் கொட்டிய மண்ணை வெட்டியெடுத்து உலையில் சுடுவதுதான் ஒரே வழி என்று இங்கே சிலர் சாதிக்கிறார்கள். நான் ஏற்க மாட்டேன். சுட்டபின் அது மண்ணாகவா இருக்கும்? எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா அந்த மண்ணிலேயே இருக்கிறது. அதற்குக் குறைவது காற்று, தழைச்சத்து, மணிச்சத்து. உழுது, உரம் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அது பாட்டுக்கு வேலை செய்யும். 1989-இல் எக்சான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது அலாஸ்கா கடற்கரையில் உரம் தெளித்ததும் இதற்காகத்தான்.

செம்மண்:
சார், இதே உழவு வைத்தியத்தைத்தான் நைஜீரியாவின் ஒகோனிலாந்தில் ஷெல் நிறுவனம் செய்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2011 அறிக்கையைப் படியுங்கள். சுத்தம் செய்து முடித்ததாகக் கணக்கு காட்டிய இடங்களில் 15-ஐச் சோதித்தார்கள். 10-இல் எண்ணெய் வரம்புக்கு மேல் இருந்தது. பல இடங்களில் 5 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருந்தது. கலப்பை போவது ஒரு அடி. அதற்குக் கீழே இருக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று எங்கிருந்து வரும்?

நுண்ணோக்கி:
அது பாக்டீரியாவின் குற்றமா? மேலாகக் கிளறிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிவிட்டவர்களைக் கேளுங்கள். மண்ணைத் தோண்டிக் குவித்து, அடியில் விரிப்பு போட்டு, குழாய் வழியே காற்று செலுத்தினால் அதே பாக்டீரியா தின்னும்.

செம்மண்:
ஆக, தோண்டத்தான் வேண்டும் என்கிறீர்கள். சரி, பாக்டீரியா முறைக்குச் செலவு குறைவு என்று சொல்லும் பேச்சு அங்கேயே போச்சு.

வாய்க்கால்:
குறுக்கே வருகிறேன். எண்ணெய் என்பது ஒரே பொருள் இல்லை. லேசான பகுதி தானாக ஆவியாகிவிடும், நேர்ச்சங்கிலி ஆல்கேன்களை (கிளையில்லாத எளிய கார்பன் சங்கிலிகளை) பாக்டீரியா சுலபமாகத் தின்றுவிடும். தார் மாதிரியான கனமான பகுதி வருடக்கணக்கில் கிடக்கும். மண்ணில் எண்ணெய் 'பாதி குறைந்தது' என்று யாராவது சொன்னால், எந்தப் பாதி? ஆவியானதும், மழை கழுவிக்கொண்டு போனதும் பாக்டீரியாவின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ஒகோனிலாந்தின் ஒரு ஊரில் குடிக்கும் கிணற்று நீரில் கச்சா எண்ணெயிலுள்ள நச்சுப்பொருளான பென்சீன் உலக சுகாதார நிறுவன வரம்பைப் போல 900 மடங்குக்கும் மேல் இருந்தது. மேல்மண்ணை மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது.

நுண்ணோக்கி:
நியாயம். அதற்குத்தான் பக்கத்திலேயே உழாமல், உரம் போடாமல் ஒரு பாத்தியை விட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

செம்மண்:
யார் விடுவது சார்? எண்ணெய் கொட்டிய கம்பெனியே ஆள் வைத்துச் சுத்தம் செய்து, அதே ஆள் சோதனைக்கு மண் மாதிரியை எடுத்துச் சான்றும் கொடுக்கும்வரை அந்தப் பாத்திக்கு இடம் கிடைக்காது.