வரலாற்றுப் படங்கள்: உங்கள் பரிந்துரை வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். இந்தியில் வரும் வரலாற்றுப் படங்களை விடாமல் பார்ப்பவன் நான். அண்மைக்காலமாகப் பெரும்பாலானவற்றில் போர் முழக்கம்தான் காதை அடைக்கிறது, மனிதர்களைக் காணோம்.

2025இல் வந்த 'சாவா'வில் மராட்டிய மன்னர் சம்பாஜியாக விக்கி கௌஷல் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். ஆனாலும் மனத்தில் நின்றவர், குரலை உயர்த்தாமலே அச்சுறுத்தும் ஔரங்கசீப்பாக வந்த அக்‌ஷய் கன்னாதான். அதே விக்கி கௌஷல் 'சர்தார் உதம்' (2021) படத்தில் எவ்வளவு அடங்கி நடித்தார்! ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் இரவு முழுவதும் காயம்பட்டவர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் காட்சிகளைப் பார்த்துவிட்டு அன்று நான் தூங்கவில்லை. இயக்குநர் ஷூஜித் சர்க்கார் அங்கே அவசரப்படவே இல்லை. வரலாற்றை இப்படித்தான் படமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நிதானத்தோடு எடுக்கப்பட்ட வேறு இந்திப் படங்களோ தொடர்களோ இருந்தால் சொல்லுங்கள். தமிழ் வசனவரிகள் இருந்தால் அம்மாவும் பார்ப்பார்.

இன்னொரு உதவி. 1689இல் சம்பாஜி கொல்லப்பட்டபின் அவருடைய தம்பி ராஜாராம் நம் செஞ்சிக் கோட்டையில்தான் அடைக்கலம் புகுந்தார். முகலாயர்கள் பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல்தான் அதைப் பிடித்தார்கள். அந்த முற்றுகையைப் பற்றித் தமிழில் விரிவான நூல் எதையாவது படித்திருக்கிறீர்களா? தலைப்பையும் கிடைக்கும் இடத்தையும் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.