பெல்ட்டில் சிக்கிப் போன விரல்கள்: நட்டஈடு கேட்பது எப்படி?

கேள்வி:
இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் இயந்திரத்தின் பெல்ட்டில் சிக்கி என் அண்ணன் வலக்கையின் இரண்டு விரல்களை இழந்துவிட்டார். சட்டைப் பொத்தானைக்கூட அண்ணிதான் போட்டுவிடுகிறார். துப்புரவு செய்வதற்காகக் கழற்றிய பாதுகாப்பு மூடி பல நாட்களாகச் சுவரோரம் கிடந்தது. இப்போது சிறு தொகையொன்றைக் கொடுத்து, வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்கிறார்கள்.

பதில் 1:
தம்பி, அண்ணன் கையொப்பமிட வேண்டாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்குத் தொழில்தருநரே பொறுப்பு. நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். மூடியைக் கழற்றியது யார் என்பதுதான் முக்கியம். தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார் என்று காட்டிவிட்டால் கோரிக்கை அடிபட்டுப் போகக்கூடும் என்பதால், கண்டவர்களின் வாக்குமூலத்தை இன்றே எழுதி வாங்குங்கள்.

பதில் 2:
இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். விபத்தைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவித்தார்களா என்று விசாரியுங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் நிரந்தர இயலாமைக்கான கொடுப்பனவு உண்டு; அதைப் பலர் கேட்பதேயில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. டிஸ்பென்சரியில் (மருந்தகத்தில்) கொடுத்த துண்டில் ‘கையில் வெட்டுக்காயம்’ என்று மட்டுமே இருக்கிறது. இயந்திரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பதில் 1:
இயந்திரத்தைச் சொல்லாமல் இப்படி எழுதுவது பழைய வழக்கம். அறுவைச் சிகிச்சை செய்த அரசாங்க வைத்தியசாலையின் அனுமதிக் குறிப்பில் காரணம் பதிவாகியிருக்கும். அதன் பிரதியை முதலில் கேளுங்கள்.