கத்திவிட்டேன், இப்போது அந்தப் பெண் என்னிடம் வாயே திறப்பதில்லை

நைட் சிஸ்டர், திருவொற்றியூர்:

வணக்கம். 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, ஆண்கள் வார்டு, 28 படுக்கை. ராத்திரிக்கு நான், ஒரு ஜூனியர், ஒரு ஆயாம்மா, அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை வழியில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றதில் அரை மணி நேரம் தாமதம். வார்டுக்குள் நுழைந்தால் சர்ஜன் ரவுண்ட்ஸில் நிற்கிறார். ஒரு நோயாளியின் ஆபரேஷன் காயத்தில் வைத்த வடிகுழாயில் (டிரெயின்) வந்த அளவு சார்ட்டில் இல்லை. கேஸ் ஷீட்டைக் கட்டில்மேல் விட்டெறிந்தார். ‘நீங்கள்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்றார். நோயாளிகள், அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதாமல் விட்டது பகல் டியூட்டி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பது மணிக்கு ஜூனியர் வந்து நின்றாள். பொன்னேரிப் பக்கத்துப் பெண், சேர்ந்து 4 மாதம். மருந்து ஏற்றும் ஊசிக்குழாயை (கேனுலா) இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை என்றாள். ‘படிச்சு வந்தியா, சர்டிஃபிகேட் காசு கொடுத்து வாங்குனியா’ என்று நர்சிங் ஸ்டேஷனில் நின்று கத்தினேன். எனக்கு விழுந்ததை அப்படியே அவள் தலையில் இறக்கிவிட்டேன்.

பத்து மணிக்கு 11ஆம் படுக்கைக்கு கிளார்ஜின் இன்சுலின் 20 யூனிட். குப்பி, மில்லிக்கு 100 யூனிட். அவசரத்தில் நான் எடுத்ததோ சிவப்பு மூடி சிரிஞ்ச். அது 40 யூனிட் குப்பிக்கானது, 100க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளியின் சட்டையை விலக்கிவிட்டேன். டிரே பிடித்திருந்தவள் கை நடுங்குகிறது. ‘என்ன?’ என்றேன். ‘ஒண்ணுமில்ல சிஸ்டர்.’ திரும்பக் கேட்டேன், பதில் இல்லை. டிரேயில் கிடந்த சிவப்பு மூடியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

இன்சுலினை இரண்டு பேர் சரிபார்த்துத்தான் போட வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் வாயை நானே அடைத்து வைத்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவளிடம் எப்படிப் பேசுவது? அந்த சர்ஜனை என்ன செய்வது?

ஓய்வு பெற்ற வார்டு இன்சார்ஜ், ராயபுரம்:

கண்ணு, முதலில் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுது. ஊசி உள்ளே போகாவிட்டாலும் எழுத வேண்டும். அவள் கண்டுபிடித்தாள் என்பதும் அதில் வரணும்.

கத்தியது எங்கேயோ, மன்னிப்பும் அங்கேயே. தனியாக டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னால் கணக்கு தீராது. ‘டாக்டர் என்னைத் திட்டினார், அதனால்தான்’ என்று இழுக்காதே. ‘நான் கத்தினது தப்பு, நீ காட்டலைன்னா அவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும்’, இவ்வளவு போதும்.

எனக்கும் வாய் நீளம்தான். கோபம் வந்தால் நேராக வாஷ்பேசினுக்குப் போய்விடுவேன். சோப்புப் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். அதற்குள் தொண்டையில் நின்றது இறங்கிவிடும். யாரும் ஏன் போனாய் என்றும் கேட்க மாட்டார்கள்.

மயக்க மருந்து டாக்டர், தண்டையார்பேட்டை:

சிஸ்டர், உங்கள் வார்டில் நடந்ததை இஸ்ரேலில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் 24 குழுக்கள், ஒத்திகையாக ஒரு கேஸ். அவற்றில் சில குழுக்களிடம் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அவமரியாதையாக நாலு வார்த்தை பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கின. ஒருவரோடொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது. 2015இல் வெளிவந்தது. ஆபரேஷன் தியேட்டரில் நான் தினம் பார்ப்பதும் அதுதான். சீஃப் சர்ஜன் கத்திய நாளில், வயிற்றுக்குள் எதுவும் தங்கிவிடாமல் பஞ்சு எண்ணும் குரல்கூடச் சன்னமாகிவிடும்.

சர்ஜனிடம் ரவுண்ட்ஸில் மோதாதீர்கள். நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கு எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்று கையில் இருக்கட்டும். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் நின்றார்கள். ‘திமிர்’, ‘அராஜகம்’ எல்லாம் வேண்டாம், அந்த ‘மாடு மேய்க்க’ ஒன்றே போதும். கோபத்தில் பேசிவிட்டார் என்று சமாதானம் சொல்வார்கள். அதே ராத்திரி இன்சுலின் 50 யூனிட் போகப் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதினால் அப்படித் தள்ளிவிட முடியாது.

ஆயாம்மா மகன், காசிமேடு:

எங்க அம்மா 20 வருஷமா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சர்ஜன் உங்களை, நீங்கள் ஜூனியரை. சரி, அன்றைக்கு ஆயாம்மாவை யார் திட்டினார்கள்? அதை எழுதவில்லையே அக்கா.

நைட் சிஸ்டர், திருவொற்றியூர்:

தம்பி, நான்தான். பெட்பேன் எடுக்க நேரமானதற்கு. நீங்கள் கேட்கும்வரை அது என் நினைவிலேயே இல்லை. நேற்று இரண்டு பேரிடமும் ஸ்டேஷனில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். ஆயாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் ‘பரவால்ல சிஸ்டர்’ என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

கடிதம் கொடுத்துவிட்டேன், இன்னும் கூப்பிடவில்லை. இப்போது இன்சுலின் நேரத்தில் குப்பியின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் அவளைத்தான் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். நேற்று அவள் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.