மேலத்தெரு வீடு: குடும்பக் குழு

ஞாயிறு, காலை 7.40

கோமதி சித்தி: கண்மணி வீட்டில் தீப்பிடித்துத் தீயணைப்பு வண்டி வந்ததாகத் தென்காசி வரை பேச்சு வந்துவிட்டது. டிசம்பரில் கண்மணியின் பிரசவம் பார்க்க மீனாட்சி அக்காவை அங்கே அனுப்புவது சரிதானா என்று எல்லோரும் யோசித்துச் சொல்லுங்கள்.

அம்மா: என்ன?

அம்மா: கண்மணி, போனை எடு.

இசக்கி மாமா: பின்லாந்தில் இப்போது விடிகாலை நான்கு மணி அக்கா.

பெரியப்பா: யாரும் பதற வேண்டாம். கண்மணி எழுந்ததும் நடந்ததை முழு வாக்கியங்களில் எழுதட்டும். முன்பு ஒருமுறை இரண்டே சொல்லில் எழுதப்போய், கிரகப்பிரவேசத்தை வளைகாப்பு என்று எண்ணிக் கோமதி இரண்டு டஜன் வளையல் வாங்கிவிட்டாள்.

கோமதி சித்தி: அந்தக் கதையை இன்னும் விடவில்லையா அத்தான்?

காலை 11.15

கண்மணி: தீப்பிடிக்கவில்லை, வண்டியும் வரவில்லை. கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்தியது, அவ்வளவுதான். அதை உங்கள் மாப்பிள்ளை ஸ்டேட்டஸில் போட்டதுதான் தப்பு. சென்ற மாதம் வீட்டின் நடுவே, குளிருக்கு விறகு எரிக்கும் மாக்கல் கணப்பு ஒன்று வைத்தோம். எடை ஒன்றரை டன் என்பதால் மரத்தரையை அறுத்து, அடியில் கான்கிரீட் போட்டுத்தான் நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே அதையும் பற்றவைத்தேன். சமையலறை எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே குளிருக்காக வீட்டில் ஓர் இடுக்குகூட இல்லாமல் அடைத்திருப்பதால், விசிறி வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியாகவே காற்று இறங்கி, புகையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. புகைபோக்கி வேறு சில்லிட்டிருந்தது. முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி எரித்து அதைச் சூடாக்கியிருக்க வேண்டும், நான் செய்யவில்லை.

இசக்கி மாமா: ரசத்தால் வந்த வினை.

அம்மா: தாளிக்கும்போது வேறு வேலை பார்க்காதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா: 'கணப்பு' என்று எழுதியது மகிழ்ச்சி. மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் மீனாட்சிதான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே பற்றவைக்கும் முறையையும் எழுதிவிடு.

கோமதி சித்தி: சுருக்கமாக.

கண்மணி: முயல்கிறேன் சித்தி. விறகு பிர்ச் மரம். ஓராண்டாவது காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய கட்டைகளை அடியில் அடுக்கி, சிராய்களையும் பிர்ச் பட்டையையும் உச்சியில் வைத்து, மேலிருந்துதான் கொளுத்த வேண்டும். தீ கீழே இறங்கி வரும்போது கட்டைகள் கக்கும் புகை அந்தச் சுவாலைக்குள்ளேயே எரிந்துபோகிறது.

அம்மா: தலைகீழாகவா?

கண்மணி: ஆமாம் அம்மா. நம் கொடியடுப்புப் பழக்கத்தில் நீ கீழே சுள்ளியைச் செருகிவிடாதே. புதுக் கல்லிலும் சாந்திலும் ஈரம் இருக்கும் என்பதால் முதல் சில நாள்கள் ஒன்றிரண்டு கட்டைகள் மட்டும் எரித்து, மெல்லக் கூட்டினோம். அதன்பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மணி நேரம் எரிந்தபின் கல்லைத் தொட்டால் பனிக்காலத்துத் திண்ணை மாதிரி இருந்தது. சூடு ஏறவில்லை என்று இன்னும் ஆறு கட்டை போட்டேன். உள்சூடு வெளிப்பக்கத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகும் என்பது இரவு பத்து மணிக்குத்தான் உறைத்தது. வெளியே மைனஸ் பன்னிரண்டு, நாங்களோ எல்லாச் சன்னல்களையும் திறந்துபோட்டு விசிறிக்கொண்டிருந்தோம். இப்போது காலையில் இரண்டு மணி நேரம் எரிப்பதோடு சரி, மறுநாள் விடியும்வரை கதகதப்பு இருக்கிறது.

இசக்கி மாமா: இங்கே கல்லிடைக்குறிச்சியில் ஐப்பசி மழையில் நனைந்த உடைவிறகோடு நான் மல்லுக்கட்டுகிறேன். அதற்கு ஒரு வழி சொல்.

கண்மணி: அடுத்த ஐப்பசிக்கு உள்ளதை இந்தச் சித்திரையிலேயே பிளந்து அடுக்குங்கள் மாமா. அம்மா, இதை மட்டும் மறக்காதே. தணல் முழுவதும் அணையும்வரை புகைபோக்கியின் தகட்டை மூடக்கூடாது. சூடு வீணாகிறதே என்று முன்கூட்டி மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கிவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். அதற்கென்று தனி அலாரம் மாட்டியிருக்கிறோம்.

அம்மா: சரி. அதன்மேல் சோறு வடிக்கலாமா?

கண்மணி: முடியாது. அது வீட்டைச் சூடாக்க மட்டும்.

அம்மா: சமைக்க முடியாத அடுப்பை யாராவது ஒன்றரை டன்னுக்கு வாங்குவார்களா?

கண்மணி: உள்ளே ரொட்டி சுடும் அறை ஒன்று இருக்கிறது அம்மா. இந்தக் கரேலியா வட்டாரத்தில் இறைச்சியை மண்சட்டியில் போட்டு, தீ அடங்கிய அடுப்புக்குள் இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். காலையில் பதமாக வெந்திருக்கும்.

அம்மா: அப்படியென்றால் பத்தியக் குழம்புக்கு அம்மாவின் கல்சட்டியைக் கொண்டுவருகிறேன். அதுவும் மாக்கல்தானே.

இசக்கி மாமா: ஆச்சி பக்கத்தில்தான் இருக்கிறாள். அவள் சொல்வதை எழுதுகிறேன்: "புதுச்சட்டியில் வாரக்கணக்கில் சூடான வடிகஞ்சி ஊற்றிப் பழக்கித்தானே தீயில் வைப்போம், அந்தப் பிள்ளை மட்டும் கல்லை ஒரே நாளில் காய்ச்சப் பார்த்தால் எப்படி?" இன்னொன்றும் கேட்கிறாள்: "சட்டி யாரிடம் இருக்கிறது?"

அம்மா: கோமதியிடம். ஒரு வாரத்துக்கென்று 2009-இல் வாங்கிப் போனாள்.

பெரியப்பா: கோமதி?

பெரியப்பா: கோமதி, நீ படித்துவிட்டதை நீலக்குறி காட்டுகிறது.

மதியம் 1.20

கோமதி சித்தி: விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல் இருக்கிறது அக்கா. அதை விமானத்தில் ஏற்றினால் உடைந்துவிடும் என்றுதான் யோசிக்கிறேன்.

அம்மா: கீறல் எப்போது வந்தது?

கோமதி சித்தி: சுண்டவத்தல் குழம்பு வைத்தபோது.

இசக்கி மாமா: எங்களுக்கு அந்தக் குழம்பு வரவில்லையே.

கண்மணி: சட்டி கைப்பையில் வந்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் ஐந்து கிலோவாவது இருக்கும், எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போய்ச் சாம்பலை அள்ளிவிட்டு வருகிறேன்.

பெரியப்பா: தகட்டை எப்போது மூடுவது என்பதை மீனாட்சி ஒருமுறை தன் சொற்களில் எழுதிக் காட்டட்டும்.

அம்மா: தணல் செத்தபின். கோமதி, சட்டியை எப்போது கொண்டுவருவாய்?

கோமதி சித்தி: சனிக்கிழமை அம்பாசமுத்திரம் பக்கம் வரும் வேலை இருந்தால் கொண்டுவருகிறேன். கம்பி கட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.