மேசீஸ் ஊர்வலமும் மார்டி கிராவும்: தெருவோரம் எங்கே நிற்பது?

ஊர்சுற்றி:
வணக்கம். அமெரிக்காவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஊர்கள் நியூயார்க்கும் நியூ ஆர்லியன்ஸும். இரண்டையும் பண்டிகையோடு பார்க்கணும்: நவம்பரில் நியூயார்க்கில் மேசீஸ் கடை நடத்தும் ராட்சத பலூன்களின் தேங்க்ஸ்கிவிங் ஊர்வலம், 2027ல் நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா திருவிழா. காசு கொடுத்து உட்கார உத்தேசம் இல்லை. எங்கே, எத்தனை மணிக்கு நின்றால் நல்லது?

பார்க்வெஸ்ட்:
ஊர்வலம் நவம்பர் நாலாவது வியாழன். இப்போதெல்லாம் காலை 8.30க்கே 77வது தெருவில் கிளம்பி, சென்ட்ரல் பார்க் வெஸ்ட், கொலம்பஸ் சர்க்கிள், ஆறாவது அவென்யூ வழியா 34வது தெருவில் முடியும். மேசீஸ் கடை வாசலுக்குப் போயிடாதீங்க. 38லிருந்து 34 வரை டிவிக்காரங்க வசம், பொதுமக்களுக்கு ஒண்ணும் தெரியாது. சென்ட்ரல் பார்க் வெஸ்ட்டில் 75க்கும் 59க்கும் நடுவே ஆறு மணிக்கே போய் நில்லுங்க.

காற்று சீராக மணிக்கு 23 மைல் வேகத்தைத் தாண்டினாலோ, திடீர் வீச்சு 34ஐத் தாண்டினாலோ பெரிய பலூன்களைப் பறக்க விட மாட்டாங்க. அந்தப் பயம் இருந்தால் முந்தின நாள் மதியமே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பக்கம் போங்க. பலூனுக்குக் காற்றடிப்பதைக் கிட்ட நின்று இலவசமாப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் ஊர்வலத்தைவிட அதுதான் அழகு.

மிசிசிப்பிக்கரை:
மார்டி கிரா ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும் செவ்வாய். 2027ல் பிப்ரவரி 9.

பலரும் போர்பன் தெருவில் போய்க் காத்திருப்பார்கள். பெரிய அலங்கார வண்டிகள் அந்தக் குறுகலான தெருக்களுக்குள் நுழைவதே இல்லை. செயின்ட் சார்ல்ஸ் அவென்யூதான் இடம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கிளம்பும் ஜூலு ஊர்வலம் ஜாக்சன் அவென்யூ வழியாக வந்துதான் செயின்ட் சார்ல்ஸில் திரும்பும். அதன் பின்னால் வரும் ரெக்ஸ் என்ற இன்னொரு ஊர்வலம், நெப்போலியன் அவென்யூ வழியாக வரும். நெப்போலியன் முனையில் நின்றால் ஜூலு கண்ணிலேயே படாது. ஜாக்சனுக்கும் கெனால் தெருவுக்கும் இடையே நின்றால் இரண்டும் கிடைக்கும்.

ஜூலுவில் எல்லோரும் ஏங்குவது தேங்காய்க்கு! வர்ணம் பூசி, ஜிகினா தூவியது. முன்பு வீசினார்கள், அடிபட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். இப்போது கையில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே தடுப்பை ஒட்டி முதல் வரிசையில் நிற்காதவருக்குத் தேங்காய் இல்லை. வண்டியிலிருந்து வீசும் மணிமாலை தரையில் விழுந்தால் முதலில் காலால் மிதியுங்கள், பிறகு குனியுங்கள். கையை முதலில் நீட்டினால் விரல்தான் நசுங்கும்.

ஊர்சுற்றி:
ரொம்ப நன்றி. வாடகைக் கார் எடுக்கலாமா?

மிசிசிப்பிக்கரை:
வேண்டாம். ஊர்வலத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் அந்தப் பாதையில் நிறுத்தினால் இழுத்துப் போய்விடுவார்கள். செயின்ட் சார்ல்ஸ் டிராமும் அந்நேரம் ஓடாது. தண்டவாளத்தின் மேல்தான் கூட்டமே நிற்கும். நடந்து வரும் தூரத்தில் அறை எடுங்கள். அறை எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள், ஊர்வலம் போகும்போது குறுக்கே கடக்க முடியாது.

பார்க்வெஸ்ட்:
நியூயார்க்கிலும் அதேதான், சப்வேயில் போங்க. வியாழன் மதியம் நிறைய கடைகள் மூடியிருக்கும். இட்லி தோசைக்கு லெக்சிங்டன் அவென்யூ, 28வது தெருப் பக்கம் இந்திய உணவகங்கள் இருக்கு. திறந்திருக்கான்னு முதல் நாளே போன் போட்டுக் கேட்டுடுங்க.