வந்தாறுமூலை வீட்டு வட்ஸ்அப் குழு: பெரியமாமாவின் சேணம்

சின்னமாமா: அனைவருக்கும் காலை வணக்கம். கார்த்திகை மழைக்கு முன் பின்வளவுக் கொட்டிலைப் பிரித்து ஓடு மாற்ற வேண்டியிருப்பதால், அண்ணர் விட்டுச்சென்ற குதிரைச் சாமான்களை நேற்று வெளியே எடுத்து நிழலில் உலர வைத்தேன். சேணம் ஒன்று, கடிவாளம் இரண்டு, அங்கவடி (கால் வைத்து ஏறும் வளையம்) ஒரு சோடி, சேணத்தைக் குதிரையோடு இறுக்கும் வயிற்றுப்பட்டி இரண்டு, சேணத்துணி நான்கு, தூரிகைகள் சில இருக்கின்றன. சவாரித் தொப்பி ஒன்றும் இருந்திருக்க வேண்டும், கண்ணில் படவில்லை. இவற்றை என்ன செய்வது என்பதை இன்றைக்குள் முடிவு செய்வோம்.

கனடா மச்சான்: விற்றுவிடுங்கள், சித்தப்பா. பாசிக்குடாவில் விடுதி நடத்தும் ஒருவர் சேணத்தையும் அங்கவடியையும் வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு 75,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்.

சின்னமாமா: அவர் கேட்பதற்கு முன்பே வேறொருவர் கேட்டுவிட்டார். நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் குதிரை வைத்திருப்பவர் 40,000 ரூபாய் தருகிறார். 2009ஆம் ஆண்டு அண்ணர் ஓய்வு பெற்றுத் தன் குதிரை செம்பியை லொறியில் ஏற்றிக்கொண்டு இங்கு வந்தபோது, இதே சேணத்தைப் பாதி விலைக்குக் கொடுத்து, முதுகுக்குப் பொருந்தாவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன் என்று சொன்னவர் இவருடைய தகப்பனார்தான். முதலில் கேட்டவருக்கு முதலில் காட்டுவது குதிரைக்காரர்களின் வழக்கம் என்று அண்ணர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

கனடா மச்சான்: அந்த வழக்கம் எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது, சித்தப்பா? வயிற்றுப்பட்டிக்கும் கடிவாளத்துக்கும் பணம் அனுப்பியவன் நான்.

அக்கா: ஒரு வயிற்றுப்பட்டிக்கு மட்டும்தான் அனுப்பினாய், மச்சான்.

பெரியமாமி (பேத்தி எழுதுகிறாள்): அம்மம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். 2011ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது அந்த மனிதர் முதலில் பரணில் ஏற்றியது சேணத்தை. நெல்மூட்டையை ஏற்ற வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அந்தச் சேணம் எங்கே போனாலும் தனக்குக் கவலை இல்லையாம்.

அக்கா: மாமி, அந்த நெல்லை முளை கட்டிய பிறகும் ஒரு மாதம் அவித்துத் தின்றோம்.

சின்னமாமா: விடயத்துக்கு வருவோம். சேணத்தின் நிலையை ஒளிக்காமல் எழுதுகிறேன். இருக்கை 17 அங்குலம். தோலில் பூஞ்சணம் படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, சேணச் சவர்க்காரம் போட்டதும் போய்விட்டது. இடப்பக்க அங்கவடி வார் வலப்பக்கத்து வாரை விட அரை அங்குலம் நீண்டிருக்கிறது. எப்போதும் இடப்பக்கமாகவே ஏறுவதால் அந்த வார் இழுபடும், அதனால்தான் இரண்டையும் அடிக்கடி மாற்றிப் போட வேண்டும். அண்ணர் கடைசி ஆண்டுகளில் அதை மறந்துவிட்டார் போலும். வயிற்றுப்பட்டியை மாட்டும் வார்களில் ஒன்றின் தையலை எலி கடித்திருக்கிறது. ஓடும் குதிரையில் அந்தத் தையல் விட்டால் ஆள் கீழே. இதை வாங்க வருபவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கனடா மச்சான்: விலை பேசி முடிந்த பிறகு சொல்லலாமே.

சின்னமாமா: விலை பேசும் முன் சொல்வேன். இன்னொன்றும் இருக்கிறது. சேணத்தின் முன்மேட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்மேட்டை இரண்டு கைகளாலும் என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சட்டம் உடையாவிட்டால் சற்றே நெகிழ்ந்து திரும்பும். உடைந்திருந்தால் நடுவில் மடியும் அல்லது கிறீச்சிடும். மடியவில்லை. ஆனால் மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. உலர்ந்த தோலின் சத்தமா, சட்டத்தின் சத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அக்கா: உங்கள் வயிற்றின் சத்தமாக இருக்கப் போகிறது, மாமா.

கனடா மச்சான்: சட்டம் உடைந்த சேணத்தைக் குதிரையின் மேல் போட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று அப்பாவே சொல்வார். சுவருக்கு முதுகு இல்லை. விடுதிக்காரருக்கே கொடுங்கள்.

அக்கா: மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 35,000 ரூபாய் கூடக் கிடைத்தால் ஓட்டுச் செலவில் ஒரு பங்கு போகும்.

சின்னமாமா: அப்படியானால் நுவரெலியாக்காரரே வந்து இழுத்துப் பார்க்கட்டும். சட்டம் உடைந்திருந்தால் சுவருக்குப் போகட்டும், நல்லதாக இருந்தால் அவருக்குப் போகட்டும். அவர் அங்கே ஏறும் அதே பெருவீதிதான் பதுளை, பிபிலை, மகாஓயா என்று வந்து செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? சனிக்கிழமை வரச் சொல்கிறேன்.

கனடா மச்சான்: விடுதிக்காரர் வெள்ளிக்கிழமை முற்பணத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அக்கா: எழுதியிருக்க வேண்டும்.

சின்னமாமா: முற்பணம் ஒரு சதமும் யாரும் வாங்க வேண்டாம். அடுத்து, கடிவாள இரும்புகளைச் சுடுநீரில் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். ஒரு குதிரையின் தாடைக்குக் கீழ் வீங்கிச் சீழ் வைக்கும் தொற்று, வாயில் போட்ட இரும்பின் வழியாகவும் தண்ணீர் வாளியின் வழியாகவும் அடுத்த குதிரைக்குப் போய்விடும். தூரிகைகளையும் சேணத்துணிகளையும் இலவசமாகக்கூடக் கொடுக்கப் போவதில்லை. படர்தாமரை அவற்றில்தான் பரவும். செம்பி செத்து மூன்று ஆண்டுகள் ஆயினும் எரித்துவிடுவதே நல்லது.

பெரியமாமி (பேத்தி எழுதுகிறாள்): செம்பியின் பெரிய தூரிகையை எரிக்கக் கூடாதாம். அதில் இன்னும் அதன் மயிர் இருக்கிறதாம். சிறிய கடிவாளத்தையும் நேற்று இரவே அம்மம்மா எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அக்கா: எங்கே போனாலும் கவலை இல்லை என்று சற்று முன்னர்தான் சொன்னீர்கள், மாமி.

பெரியமாமி (பேத்தி எழுதுகிறாள்): சேணத்தைத்தான் சொன்னாராம்.

சின்னமாமா: சரி, கடிவாளம் ஒன்று குறைகிறது என்று நுவரெலியாவுக்குத் தெரிவிக்கிறேன். அவர் விலையைக் குறைத்தால் யாரும் என்மேல் கோபப்பட வேண்டாம். இனித் தொப்பி. 2017ஆம் ஆண்டு அண்ணர் வாய்க்கால் கரையில் விழுந்தபோது அந்தத் தொப்பிதான் அடி வாங்கியது. ஒரு தடவை அடி வாங்கிய தொப்பியின் உட்பஞ்சு நசுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அதை விற்பதும் பாவம், சும்மா கொடுப்பதும் பாவம். கொட்டிலில் இல்லாவிட்டால் யாரிடம் இருக்கிறது?

அக்கா: ஒன்றும் பேசாமல் இருக்கும் தம்பி, நீ ஏறாவூருக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது கறுப்பாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போகிறாயே, அது என்ன?

சின்னமாமா: தம்பி?

அக்கா: படித்துவிட்டான், மாமா. இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.