கலைச்சொல் விவாதம்: ‘கார்னர் வெயிட்டிங்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், பழைய விமானத்தளம் ஒன்றின்மேல் அமைந்துள்ள பிளைட்டன் பார்க் தடத்தில், அடுத்த மாதம் என் காரை முதன்முறையாக ஓட்டவிருக்கிறேன். காலின் சாப்மன் 1957இல் வெளிக்கொணர்ந்த லோட்டஸ் செவன் காரின் வழிவந்த அமைப்பு அது. எஃகுக் குழாய்ச் சட்டகமும் நீண்ட மூக்கும் இரண்டே இருக்கைகளும் கொண்ட அந்தக் கார் உதிரி உறுப்புகளாகப் பெட்டிகளில் வந்து சேர்ந்தது. இரண்டு குளிர்காலங்களை வீட்டுக் கொட்டகையில் கழித்து அதைப் பொருத்தி முடித்தேன். அன்றைக்கு நடக்கவிருப்பது பந்தயம் அன்று. நேரம் அளக்கமாட்டார்கள், முன்னால் செல்பவர் இசைந்து வழிவிட்டால்தான் முந்தலாம். ஆகவே ‘டிராக் டே’ என்பதற்கு இக்குழு முன்பு ஏற்றுக்கொண்ட ‘தடநாள்’ என்னும் சொல்லையே இங்கும் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் பொறியியல் பயிலும் என் தங்கை மகன், கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகத் தன் கல்லூரி அணியினருடன் சிறு பந்தயக் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். நான் செய்த ஆயத்தப் பணிகளைத் தமிழில் எழுதித் தரும்படி அவன் கேட்டான். பெரும்பாலான பணிகளுக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு திருகையும் டார்க் ரென்ச் கொண்டு உரிய திருப்புவிசைக்கு முடுக்கி, முடுக்கியதற்கு அடையாளமாக மஞ்சள் வண்ணத்தில் கோடு இழுத்தேன். அதற்கு ‘முடுக்கக் குறி’ என்று எழுதினேன். புதிய பிரேக் கட்டைகளைப் பலமுறை சூடேற்றி ஆறவிட்டு வட்டுடன் படியவைத்தேன். அதைப் ‘படியவைத்தல்’ என்றே எழுதினேன். இவற்றைப் படிக்கும் எவருக்கும் பொருள் விளங்கும்.

காரின் நான்கு சக்கரங்களும் தாங்கும் சுமையைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்துச் சரிசெய்யும் ‘கார்னர் வெயிட்டிங்’ என்ற இடத்தில்தான் என் பேனா நின்றுவிட்டது. அதற்கு ஒரு சொல் காண உதவுமாறு உங்களை வேண்டுகிறேன். சொல்லைத் தேடுவதற்கு முன் செயலை விளக்கிவிடுவது முறை.

முக்காலி ஒருபோதும் ஆடாது. எவ்வளவு மேடுபள்ளமான தரையானாலும் மூன்று கால்களும் ஊன்றிக்கொள்ளும். நாற்காலியும் கட்டிலும் ஆடும். கட்டிலின் ஒரு கால் சற்றே குட்டையாக இருந்தால், அந்தக் காலும் அதற்குக் குறுக்கே எதிரில் இருக்கும் காலும் சுமையை விட்டுவிடுகின்றன. மற்ற இரண்டும் சுமக்கின்றன. அதனால்தான் நம் வீடுகளில் ஒரே ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச் சில்லைச் செருகினால் போதுமானதாக இருக்கிறது. நான்கு சக்கரக் காரும் இத்தகைய கட்டில்தான். சுருள்வில்களின்மேல் நிற்பதால் அது கண்ணுக்குத் தெரியும்படி ஆடாமல், குறையை உள்ளே மறைத்து வைத்துக்கொள்கிறது.

காரை நான்கு மின்னணுத் தராசுகளின்மேல் ஏற்றி நிறுத்தினேன். ஓட்டுநர் இருக்கையில் எனக்குப் பதிலாக 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை வைத்திருந்தேன். முன்னிடம் (முன்பக்கத்து இடச் சக்கரம்) 160 கிலோ, முன்வலம் 132, பின்னிடம் 148, பின்வலம் 180 என்று தராசுகள் காட்டின. மொத்தம் 620. இடப்பக்கம் 308, வலப்பக்கம் 312 என்பதைப் பார்த்தபோது, மின்கலத்தை இடப்பக்கம் மாற்றிவைத்தது வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன். ஆனால் குறுக்காகக் கூட்டியபோது உண்மை வெளிப்பட்டது. முன்வலமும் பின்னிடமும் சேர்ந்து 280 கிலோதான். முன்னிடமும் பின்வலமும் சேர்ந்து 340 கிலோ. இந்த நிலையில் நேராகச் செல்லும்போது பிரேக்கை அழுத்தினால், சுமை குறைந்த முன்வலச் சக்கரம் மற்றதற்கு முன்பே சுழற்சி நின்று சறுக்கத் தொடங்கும். இடப்பக்க வளைவில் ஒருவிதமாகவும் வலப்பக்க வளைவில் வேறுவிதமாகவும் கார் திரும்பும்.

சுருள்வில்லைத் தாங்கும் திருகு வளையங்களைக் கொக்கி ஸ்பேனரால் சிறிது சிறிதாகத் திருப்பி, முன்வலத்தையும் பின்னிடத்தையும் உயர்த்தி, மற்ற இரண்டையும் தாழ்த்தினேன். முடிவில் முன்னிடம் 145, முன்வலம் 147, பின்னிடம் 163, பின்வலம் 165 என்று அமைந்தது. இரு குறுக்குகளும் இப்போது 310 கிலோ. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். முன்பக்கம் முதலில் 292 கிலோ, இப்போதும் அதுவே. பின்பக்கம் 328, இடம் 308, வலம் 312 ஆகியவையும் மாறவில்லை. அவை ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. வளையத்தைத் திருப்புவதால் அவற்றை மாற்ற இயலாது. நம் கைக்கு விடப்பட்டிருப்பது குறுக்குப் பங்கு ஒன்றுதான்.

முன்பு இக்குழுவில் பேச்சுவாக்கில் வந்த மூன்று சொற்களையும் இந்த எண்களோடு வைத்துப் பார்த்தேன். ‘மூலை எடை’ என்பது ஆங்கிலத்தின் நிழல். அறைக்கு மூலை உண்டு. என் காரின் மூக்கு கூம்பி நிற்க, சக்கரங்கள் உடலுக்கு வெளியே நிற்கின்றன. மேலும் தடத்தில் ‘கார்னர்’ என்றால் வளைவு என்று பொருள். புதிதாக வருபவர் வளைவில் ஏற்படும் எடை மாற்றம் என்று எண்ணிக்கொள்வார். ‘சக்கர எடை’ அதைவிட இடர் தருவது. எடை குறைந்த அலாய் சக்கரத்தைத் தேடித் தேடி வாங்கும் எங்களுக்குச் சக்கர எடை என்றால் சக்கரத்தின் சொந்த எடை. ஆகவே ஒரு சக்கரம் தரையில் ஊன்றும் அளவுக்குச் ‘சக்கரச்சுமை’ என்பதே சரி. லாரிகளுக்கு ‘அச்சுச் சுமை’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதோடு இது இயல்பாக இணங்கும்.

செயலுக்குச் சிலர் ‘சுமை நிரவல்’ என்றார்கள். நான்கும் சமமாக வேண்டும் என்ற தவறான எண்ணத்தை அது தந்துவிடும் என அஞ்சுகிறேன். மேலே உள்ள 145, 147, 163, 165 என்பவை சமமல்ல, ஆயினும் கார் செம்மையாக அமைந்துவிட்டது. ‘சமன் செய்தல்’ என்பதை வீல் பேலன்சிங் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே ‘சுமை சீர்தூக்கல்’ என்பதை முன்மொழிகிறேன். தூக்குதல் என்பதற்கு எடை நிறுத்தல் என்ற பொருள் உண்டு. சீர் என்பது ஒழுங்கைக் குறிக்கும். நிறுத்துப் பார்த்து ஒழுங்குபடுத்தும் இரட்டைச் செயலை அந்த ஒரு சொல் சுமக்கிறது.

உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
பர்மிங்காமிலிருந்து

மடல் 2

அன்புள்ள நண்பருக்கு,

பல்தொழில்நுட்பக் கல்லூரியில் தானியங்கிப் பொறியியலை முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தங்கள் கட்டில் விளக்கத்தை நான் வகுப்பில் சொல்லாமல் போனேனே என்று வருந்தும் அளவுக்கு அது தெளிவாக இருந்தது. ‘சக்கரச்சுமை’ என்பதில் எனக்கு மறுப்பில்லை.

‘சீர்தூக்கல்’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இன்று அச்சொல்லைக் கேட்கும் தமிழர் எவரும் தராசை நினைப்பதில்லை. இரு கருத்துகளை எடைபோட்டுப் பார்ப்பதையே நினைக்கிறார்கள். தங்கள் மருமகனின் அணியில் ஒரு மாணவன் ‘காரைச் சீர்தூக்கினாயா’ என்று கேட்டால், காரின் நிறைகுறைகளை ஆராய்ந்தாயா என்றுதான் மற்றவன் பொருள் கொள்வான். இல்லையேல் ஜாக்கி வைத்துத் தூக்கப் போய்விடுவான். கையில் எண்ணெய்க் கறையுடன் சொல்லப்படும் சொல்லுக்கு இந்தத் தயக்கம் கூடாது.

‘நிரவல்’ என்பதைத் தாங்கள் விரைவில் ஒதுக்கிவிட்டீர்கள் என்று கருதுகிறேன். வயலை நிரவும் உழவர் என்ன செய்கிறார்? மேட்டில் இருக்கும் மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போடுகிறார். வெளியிலிருந்து மண் வருவதில்லை, வயலை விட்டு மண் போவதுமில்லை. தங்கள் எண்களைப் பாருங்கள். 340இலிருந்து 30 கிலோ எடுத்து 280இல் சேர்த்திருக்கிறீர்கள். மொத்தம் 620 என்பது 620ஆகவே நிற்கிறது. இதைவிடச் சரியான நிரவலை எந்த வயலிலும் காண முடியாது. தாங்கள் அஞ்சும் குழப்பம் ‘சுமை’ என்ற முன்னொட்டால் வருகிறது. எதை நிரவுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் குழப்பம் நீங்கும். நிரவப்படுபவை இரு குறுக்குகள். எனவே ‘குறுக்கு நிரவல்’ எனலாம்.

ஒரு செய்முறைக் குறிப்பு. தராசுகள் நான்கும் ஒரே மட்டத்தில் இருந்தனவா, உடல் சாய்வதைத் தடுக்கும் குறுக்குத் தண்டின் இணைப்பைக் கழற்றினீர்களா என்பவற்றை எழுதவில்லை. மாணவர்கள் தங்கள் மடலைப் படித்துச் செய்யப்போவதால் கேட்கிறேன்.

கோவையிலிருந்து

மடல் 3

வணக்கம்.

யாழ்ப்பாணத்து வழக்கில் நாங்கள் சக்கரத்தைச் சில்லு என்போம். கட்டில் காலுக்கு ஓட்டுச் சில்லு வைப்பதாக நண்பர் எழுதியதைப் படித்தபோது, கட்டிலுக்குச் சக்கரம் பூட்டுகிறாரோ என்று ஒரு கணம் மயங்கிவிட்டேன். ‘சக்கரச்சுமை’ எங்களுக்கும் விளங்கும். ஆயினும் சொற்பட்டியலில் ‘சில்லுச்சுமை’ என்பதையும் இணைச்சொல்லாகக் குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு ஐயம். அமெரிக்காவில் இடப்பக்கம் மட்டுமே திரும்பும் நீள்வட்டத் தடங்களில், முன்வலமும் பின்னிடமும் சேர்ந்த குறுக்கை வேண்டுமென்றே பாதிக்கு மேல் வைத்து ஓட்டுகிறார்கள். அங்கே நிரவுவதில்லை, வேண்டுமென்றே மேடு வைக்கிறார்கள். அந்தச் செயலையும் குறுக்கு நிரவல் என்று சொல்வது பொருந்துமா?

மடல் 4

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும், யாழ்ப்பாணத்து நண்பருக்கும் வணக்கம்.

வயல் விளக்கத்தைப் படித்த பின் ‘சீர்தூக்கல்’ என்பதை மனநிறைவோடு கைவிடுகிறேன். மொத்தம் மாறாமல் இடம் மட்டும் மாறுகிறது என்பதே இச்செயலின் உயிர். அதை நான் மடலில் ஒரு பத்தி முழுவதும் விளக்கிவிட்டு, சொல்லில் மட்டும் விட்டுவிட்டேன். ‘குறுக்கு நிரவல்’ அதைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது.

ஐயா கேட்டவற்றுக்கு விடை இது. என் கொட்டகைத் தரை, நீர் வடிவதற்காகக் கதவை நோக்கிச் சரிந்திருக்கிறது. நீண்ட சட்டத்தின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கதவுப் பக்கத்துத் தராசுகள் இரண்டுக்கும் அடியில் தரை ஓடுகளை அடுக்கி, நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் எடுத்த முதல் அளவுகளைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. சில மில்லிமீட்டர் வேறுபாடே ஒரு சக்கரத்தின் அளவைப் பல கிலோ மாற்றிவிட்டது. வளைவில் உடல் சாய்வதைத் தடுக்கும் குறுக்குத் தண்டின் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிவிட்டே நிறுத்தேன். நிரவி முடித்ததும் இணைப்பின் நீளத்தைச் சரிசெய்து, தண்டில் முறுக்கு ஏறாதபடி மாட்டினேன். இல்லையேல் நிரவியதை அந்தத் தண்டே கலைத்துவிடும். டயர்க் காற்றழுத்தத்தை முதலிலேயே சரிபார்த்திருந்தேன்; எரிபொருள் பாதித் தொட்டி. ஒவ்வொரு முறை வளையத்தைத் திருப்பிய பின்பும் காரை முன்னும் பின்னும் உருட்டி, வில்கள் படிந்த பிறகே அளவைக் குறித்தேன். உயரம் மாறும்போது சக்கரங்களின் நோக்குக் கோணமும் (அவை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடுவதால், எல்லாம் முடிந்த பின் அதை மீண்டும் ஒருமுறை அளந்து சரிசெய்தேன்.

நீள்வட்டத் தடம் பற்றிய ஐயம் மிக நியாயமானது. அளவுக்கு ஒரு பெயரும் செயலுக்கு வேறு பெயரும் வைத்துக்கொண்டால் இது தீரும் என்று நினைக்கிறேன். அளவு எங்கும் ஒன்றே. அதைக் ‘குறுக்குச்சுமை’ எனலாம். இருபக்கமும் திரும்பும் தடத்துக்காக அதைப் பாதிக்குப் பாதியாக ஆக்குவது மட்டும் குறுக்கு நிரவல். நீள்வட்டத்துக்காக வேண்டுமென்றே மிகுதியாக வைப்பதைக் ‘குறுக்குச்சுமை ஏற்றல்’ எனலாம்.

மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் பின்வருமாறு சேர்க்கிறேன்.

சக்கரச்சுமை (ஈழவழக்கில் சில்லுச்சுமை): நிற்கும் வண்டியின் ஒரு சக்கரம் தரையில் ஊன்றும் சுமை.

குறுக்குச்சுமை: முன்வலச் சக்கரச்சுமையும் பின்னிடச் சக்கரச்சுமையும் சேர்ந்த தொகை, மொத்தச் சுமையில் எத்தனை விழுக்காடு என்பது. என் காருக்கு முதலில் 45.2, பின்னர் 50.

குறுக்கு நிரவல்: வில் தாங்கும் வளையங்களைத் திருப்பி, முன்பின் பங்கும் இடவலப் பங்கும் மாறாதிருக்க, இரு குறுக்குகளின் சுமையையும் ஒன்றாக்குதல்.

தங்கை மகனுக்கு அனுப்பும் ஆயத்தத் தாளிலும் இச்சொற்களையே எழுதிவிட்டேன். குறுக்கு நிரவல் அதில் ஒன்பதாம் வரியில் இருக்கிறது. பத்தாம் வரி, முதல் ஓட்டம் முடிந்து கார் ஆறியதும் சக்கரத் திருகுகளை டார்க் ரென்ச்சால் மீண்டும் சரிபார்ப்பது.

அன்புடன்,
பர்மிங்காமிலிருந்து